உருவம் மட்டும் மிஞ்சிய கல்

ஜீவனஹள்ளி, பெங்களூரு
13 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமா,

ஜெய்பீம். நாளை ஜெயந்தி. அம்மா வாசலில் கட்ட நீலக்கொடி வாங்கி வைத்திருக்கிறாள். உங்கள் பிரபா அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு முழுக்க ஓடுகிறாள்.

என்னிடமிருந்து கடிதம் வரும் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். போன் செய்யக் கூடாது என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. அக்காவை அடக்கம் செய்துவிட்டு நீங்கள் பாறைத்துளை முகாமுக்குப் போன பிறகு ஒருமுறை பேசினேன். "உன் குரல் போன்ல அப்படியே அவ குரல் மித்ரா. பேசாத, தாங்கல" என்றீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. மெசேஜ் அனுப்பலாம் என்றால், உங்கள் வாட்ஸ்அப் படத்தில் அக்கா சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்துக்கு எதிரில் கல்லைப் பற்றி என்ன அடிப்பது? அதனால் உங்கள் முகாமுக்குக் காலிப் பெட்டி ஏற்றிப்போகும் லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வேலை விஷயம்தான். நீங்கள் நான்காம் துளையிலிருந்து எடுத்து அனுப்பிய பாறைத் தண்டுகளை இங்கே லேபில் நான்தான் வெட்டி, மெல்லிய ஸ்லைடாகத் தேய்க்கிறேன். அறுபத்திரண்டாவது மீட்டரிலிருந்து எழுபத்தொன்று வரை சுண்ணாம்புக்கல் என்று எழுதியிருக்கிறீர்கள். சுண்ணாம்புக்கல் என்றால் சாயத்தில் நனைத்ததும் ஸ்லைடு சிவக்க வேண்டும். சிவக்கவில்லை. சாயம் பழசோ என்று புதிதாகக் கரைத்தும் பார்த்தேன். எனக்கு அது டோலமைட்டாகத்தான் தெரிகிறது. துளை போடச் சொன்ன சிமென்ட் கம்பெனிக்கு டோலமைட் உதவாது, மக்னீசியம் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும்.

சீனிவாசராகவன் சாரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த வேலைக்கு என் பெயரை அவரிடம் சொன்னது நீங்கள். முதலில் உங்களிடம் கேட்பதுதான் முறை என்று பட்டது. தப்பு என்னுடையதாகவும் இருக்கலாம்.

இப்படிக்கு,
சங்கமித்ரா


முகாம், லோகாபூர்
20 ஏப்ரல் 2025

மித்ரா,

ஜெய்பீம். தப்பு உன்னுடையது இல்லை.

ஆசிட் பாட்டிலை ஜீப் பானட்மேல் வைத்திருந்தேன். இங்கே வெயில் நாற்பத்திரண்டு. தொட்டால் டீ கிளாஸ் மாதிரி சுட்டது. குளிர்ந்த ஆசிட்டை விட்டால் டோலமைட் சும்மா கிடக்கும், சுரண்டிப் பொடியாக்கினால்தான் லேசாக நுரைக்கும். சூடான ஆசிட் என்றால் அதுவும் சுண்ணாம்புக்கல் போலவே பொங்கும். டிப்ளமோ முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்தது. பொங்கியது, எழுதிவிட்டேன். யோசிக்கவில்லை. இப்போதெல்லாம் நிறைய விஷயத்தை யோசிக்காமல்தான் செய்கிறேன்.

சாரிடம் சொல்லிவிடு. "அசோகன் ஆசிட்ல சாம்பார் வெக்கிறானா?" என்பார். வாங்கிக்கொள்கிறேன்.

கையில் எடுத்துப் பார்த்தால் எனக்கு அது வெறும் சாம்பல் நிறக் கல். மைக்ரோஸ்கோப்பில் என்ன தெரிகிறது? எழுது. பிரபா என்னைக் கேட்கிறாளா? அதையும் எழுது.

லாரி டிரைவர் பழனிச்சாமி நல்ல ஆள். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அசோகன்


ஜீவனஹள்ளி
4 மே 2025

அன்புள்ள மாமா,

சார் சாம்பார் என்று சொல்லவில்லை. "லோகாபூர்ல ரசம் வெக்கிறானா அவன்?" என்றார். அதோடு விட்டுவிட்டார்.

பழனிச்சாமி அண்ணன் உங்கள் கடிதத்தை எல்லார் எதிரிலும் நீட்டினார். "இந்தாம்மா, உங்க மாமா கல்லோட சேத்து கடுதாசியும் ஏத்தி வுட்டிருக்காரு. எந்தக் காலத்துல இருக்கீங்க ரெண்டு பேரும்? ஒரு சிம்கார்டு வாங்கித் தரட்டுமா?" என்னோடு வேலை செய்யும் லாவண்யா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. இனிமேல் கல் சாம்பிள் போடும் துணிப்பைக்குள் வைத்துக் கட்டி அனுப்புங்கள்.

ஸ்லைடில் பேய் தெரிகிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, லேபில் அதற்குப் பெயரே கோஸ்ட்தான். நூறு கோடி வருஷத்துக்கும் முன்னால் அங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. அலையில் புரண்டு புரண்டு கடுகைவிடச் சின்னதாய்ச் சுண்ணாம்பு உருண்டைகள் வளர்ந்தன, வெங்காயம் போலத் தோல் மேல் தோலாக. பிறகு கரையோரம் நீர் தேங்கி, வெயிலில் வற்றி, மிஞ்சிய உப்புநீர் கனத்துப்போய் அந்தப் படிவுக்குள் மெதுவாக இறங்கியது. அதிலிருந்த மக்னீசியம், சுண்ணாம்பின் கால்சியத்தில் கிட்டத்தட்டப் பாதியை வெளியேற்றிவிட்டு அந்த இடங்களில் உட்கார்ந்தது. அப்படித்தான் அது டோலமைட் ஆனது. பழைய சுண்ணாம்பு இப்போது துளிகூட இல்லை. ஆனால் உருண்டையின் வட்டம் இருக்கிறது, தோல்களின் கோடுகூட இருக்கிறது. சாதாரண வெளிச்சத்தில் உருண்டை நிற்கும். மைக்ரோஸ்கோப்பில் ஒளியை வடிகட்டும் குறுக்குக் கண்ணாடியை உள்ளே தள்ளினால் மறைந்து, ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கும் படிகங்கள் மட்டும் தெரியும். கண்ணாடியை இழுத்தால் திரும்ப வந்து நிற்கும். அன்று மதியம் முழுக்க அந்தக் கண்ணாடியைத் தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தேன்.

பிரபா உங்களைக் கேட்கிறாள். அக்காவைக் கேட்பதில்லை. முதலில் கேட்டாள். உன் அம்மா வேலைக்கு வெளியூர் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்லி வைத்தோம். இப்போது கேட்பதே இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். அவளைக் குளிப்பாட்டும்போது நான் அக்காவின் நைட்டியைத்தான் போட்டுக்கொள்கிறேன், நனைந்தால் பரவாயில்லை என்று அம்மா எடுத்துக் கொடுத்தது. தலையும் அக்கா வாரும் வகிடுதான், அம்மா வாரிவிடுவதால். எதிர்வீட்டு குளோரியா ஆன்ட்டி போன வாரம் என் முதுகைப் பார்த்து, "யசோ, தண்ணி வந்திச்சா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சொல்லாமல் விடக்கூடாது. செவ்வாய்க்கிழமை பிரபா என்னை அம்மா என்று கூப்பிட்டாள். நான் "என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

சங்கமித்ரா


லோகாபூர்
13 மே 2025

மித்ரா,

துணிப்பையில்தான் வைத்திருக்கிறேன். வெளியே துளை எண்ணும் ஆழமும் எழுதியிருக்கிறேன், யாரும் பிரிக்க மாட்டார்கள்.

நேற்று புத்த பூர்ணிமா. முகாமில் நான் ஒருவன்தான். ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். சமையல்காரர் கரெண்ட் போய்விட்டதா என்று எட்டிப் பார்த்தார்.

இந்த ஊரில் நாங்கள் இருந்த வீட்டை இன்னும் காலி செய்யவில்லை. ஓனரம்மா சாவி கேட்கிறார்கள். ராத்திரியில் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது, ஆள் நடமாடுகிற மாதிரி இருக்கிறது, யாரும் வாடகைக்கு வர மாட்டேன் என்கிறார்கள் என்று புலம்பினார்கள். அது என்னவென்று எனக்குத் தெரியும். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது யசோ ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுச் சரியாக மூடவில்லை. காய்ச்சலில் கை நடுங்கியது. டெங்கு என்று எங்களுக்கு அப்போது தெரியாது. அவள் கடைசியாகத் திருகின இடத்தில் அது நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கதவைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மூடிவிட்டால் முடிந்துவிடும். அதனால் மூடவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. கல்லில் பேய் என்று நீ எழுதினதால் சொல்கிறேன்.

பிரபா உன்னை அப்படிக் கூப்பிட்டது நல்லதுதான் என்று அத்தை நினைக்கக்கூடும். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுதவில்லையே.

அசோகன்


ஜீவனஹள்ளி
1 ஜூன் 2025

மாமா,

இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராகவே கேட்டுவிடுகிறேன். நீங்கள் சம்மதித்துவிட்டீர்களா?

என் பையிலிருந்து துணிப்பை கீழே விழுந்து, அம்மா எடுத்தாள். கல் ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்று பிரித்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, உங்கள் கையெழுத்து மட்டும் தெரியும். நான் பயந்ததுபோல் திட்டவில்லை. சிரித்தாள். அக்கா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "அடிப்பாவி, கல்லுப் பையில ஒளிச்சி ஒளிச்சி எழுதுறீங்களே, எங்கிட்ட சொன்னா வேணான்னா சொல்லப் போறேன்?" என்றாள். நான் வேலை விஷயம் என்றேன். "ஆமாமா, பெரிய வேலை" என்றாள்.

மறுநாள் போனில் உங்களோடு பேசியதாகச் சொன்னாள். "மாப்ள ஒத்துக்கினாரு. வருஷம் கழியட்டும், விகாரையில சிம்பிளா வெச்சிக்கலாம். எங்க, உனுக்கு வாய் இருக்கா? ஏதாவது சொல்லு." நான் பிரபாவின் துணியை மடிக்கத் தொடங்கினேன். "உனுக்குப் படிப்பு குடுத்தவ யாரு? கார்மெண்ட்ஸ்ல நின்னு நின்னு கால் வீங்கினது யாருக்கு? அவ கொழந்தய வேற எவளோ வந்து வளக்கணுமா?" என்றாள். எல்லாம் உண்மை.

இந்த வீட்டில் நான் எதற்கும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அது நல்ல குணம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அம்மா பீரோவைத் திறந்து அக்காவின் புடவைகளை என் அலமாரிக்கு மாற்றுகிறாள். தினமும் இரண்டு, மூன்று. என் சுடிதார்கள் ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குப் போகின்றன. நேற்று காலை "யசோ, கொழந்தைக்கு டிபன் கட்டிட்டியா?" என்றாள். தவறிப்போய் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். அவள் திருத்திக்கொள்ளவில்லை. நானும் கட்டிவிட்டேன் என்று பதில் சொன்னேன்.

உண்மையை எழுதுங்கள்.

சங்கமித்ரா


லோகாபூர்
9 ஜூன் 2025

மித்ரா,

அத்தை என்னிடம், "மித்ராவுக்குச் சம்மதம், வெக்கத்துல வாயத் தொறக்க மாட்டேங்குறா" என்றார்கள். நான் "அவ இஷ்டம்" என்றேன். அது சம்மதமாகிவிட்டது போலிருக்கிறது. உன்னிடம் என் சம்மதம், என்னிடம் உன் சம்மதம். கேட்காமலேயே இரண்டு பேரையும் சேர்த்துவிட்டார்கள்.

கோபப்படாதே, அத்தைமேல் எனக்குக் கோபம் இல்லை. நான் யோசித்தும் பார்த்தேன். நேர்மையாகவே எழுதுகிறேன். நீ வந்தால் பிரபாவுக்கு எதுவும் மாறாது. ஏற்கனவே அம்மா என்கிறாள். அவளுக்கு ஞாபகம் வருவதற்குள் எல்லாம் சரியாகிவிடும், தாய் செத்த பிள்ளை என்று அவளை யாரும் சொல்ல மாட்டார்கள். அத்தை சொன்னபோது அது எனக்குச் சரி என்றுதான் பட்டது.

நான் உன்னைப் பார்ப்பேனா, உன்னில் அவளைப் பார்ப்பேனா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. பொய் சொல்ல விரும்பவில்லை. சில நாள் அதுவே போதும் என்று தோன்றுகிறது. சில நாள் அதுதான் பயமாக இருக்கிறது.

முடிவு உன்னுடையது. நீ வேண்டாம் என்றால், வேண்டாம் என்றது நான்தான் என்று அத்தையிடம் சொல்லிக்கொள்கிறேன். உனக்குப் பேச்சு வராது என்று தெரியும்.

அசோகன்


ஜீவனஹள்ளி
22 ஜூன் 2025

அன்புள்ள மாமா,

வேண்டாம். இதை நானே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

எப்படிச் சொன்னேன் என்றும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் திமிர் என்று நினைப்பீர்கள்.

டோலமைட்டைப் பற்றி எங்களுக்கெல்லாம் ஒரு குழப்பம் உண்டு. பழைய பாறைகளில் மலை மலையாகக் கிடக்கிறது. இன்றைய கடலிலோ அபூர்வம். லேபில் சாதாரணச் சூட்டில் செய்து பார்க்க ஒருவர் முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தார், ஒன்றும் வளரவில்லை. ஏன் என்று நான் சீனிவாசராகவன் சாரைக் கேட்டேன். நானாகப் போய்க் கேட்ட முதல் கேள்வி அது. அவர் பேனா மூடிகளை மேஜையில் அடுக்கிக் காட்டினார். டோலமைட்டில் கால்சியம் ஒரு வரிசை, மக்னீசியம் ஒரு வரிசை என்று மாறி மாறி உட்கார வேண்டும். அவசரத்தில் அதனதன் இடத்தில் உட்காராமல் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. உட்கார்ந்ததும் அதன்மேல் அடுத்த வரிசை ஏற முடியாது. அங்கேயே நின்றுவிடும். "அப்புறம் எப்படி சார் வளந்துச்சு?" என்றேன். "மழையோ அலையோ, உப்புக் கொறஞ்ச தண்ணி வந்து கழுவணும்மா. தப்பா உக்காந்ததுதான் மொதல்ல கரையும். அது கரைஞ்சாத்தான் அடுத்தது சரியா உக்காரும். கரைஞ்சு, வளந்து, கரைஞ்சு, வளந்து... எத்தனையோ தடவ" என்றார்.

பஸ்ஸில் உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். "அவளுக்கு ஞாபகம் வருவதற்குள்." அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. அக்கா செத்ததே பிரபாவுக்குத் தெரியாது மாமா. நாம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை வரவில்லை, நான் அங்கே உட்கார்ந்திருந்ததால். இன்னும் ஒரு வருஷம் போனால், யசோதரா என்று ஒருத்தி தன்னைப் பெற்றாள், மூன்று வருஷம் தூக்கி வைத்திருந்தாள் என்பதே அவளுக்குள் இருக்காது. எல்லாரும் பாசத்தால்தான் செய்கிறோம். ஆனால் அக்காவை இரண்டாவது முறை இல்லாமல் ஆக்குகிறோம். அதற்கு என் உடம்பு பயன்படுகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரபாவை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். அக்கா படத்தைக் காட்டி, இதுதான் உன் அம்மா, அவள் காய்ச்சல் வந்து செத்துவிட்டாள், வெளியூரில் இல்லை, இனி வர மாட்டாள் என்றேன். பிரபா படத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"அப்போ நீ யாரு?"

சித்தி என்றேன். அவள் என் மடியிலிருந்து இறங்கி, சுவரோரம் போய் நின்றுகொண்டாள். பிறகு கத்தினாள். அப்படி ஒரு சத்தம் அந்தச் சின்ன உடம்பில் இருந்ததே எனக்குத் தெரியாது. ஒரு வருஷத்துச் சத்தம். அம்மா ஓடிவந்து என்னை அறைந்தாள். "எம்பொண்ண தெனமும் நான்தானடி உசுரோட வெச்சிருந்தேன்! நீ கொன்னுட்டியே" என்றாள். அப்போதுதான் சொன்னேன். "நான் மித்ராம்மா. யசோ இல்ல. நான் மாமாவக் கட்டிக்க மாட்டேன்." குரல் வந்துவிட்டது.

இரண்டு நாளாகப் பிரபா என் கையால் சாப்பிடவில்லை. அம்மா என்னோடு பேசவில்லை. நீங்கள் வர வேண்டும் மாமா. மாப்பிள்ளையாக இல்லை, அவள் அப்பாவாக.

சங்கமித்ரா


லோகாபூர்
6 ஜூலை 2025

மித்ரா,

வந்தேன்.

போன வாரம் சனிக்கிழமை பஸ் ஏறி ஞாயிறு விடிகாலை மெஜஸ்டிக்கில் இறங்கினேன். சிவாஜிநகர் வரைக்கும் வந்துவிட்டேன். கடை திறந்ததும் பிரபாவுக்கு ஒரு கவுன் வாங்கினேன். கடைக்காரர் "எத்தன வயசு சார்?" என்றார். மூன்று என்றேன். பிறகுதான் நாலு முடிந்துவிட்டது என்று ஞாபகம் வந்தது. அப்படியே நின்றேன். வீட்டுக்கு வந்தால் கதவைத் திறப்பது நீ. உன்னைப் பார்த்து ஒரு நொடி எனக்கு என்ன தோன்றும் என்று எனக்கே தெரியும். அதைப் பிரபா பார்த்துவிடுவாள். நீ அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னதை என் முகம் ஒரு நொடியில் கெடுத்துவிடும்.

அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கவுன் இந்தப் பெட்டியில் இருக்கிறது. அளவு சின்னதாகத்தான் இருக்கும்.

நீ செய்தது சரி. எனக்கு இப்போது அதற்குமேல் எழுத வரவில்லை.

அசோகன்


ஜீவனஹள்ளி
27 ஜூலை 2025

அன்புள்ள மாமா,

கவுன் பத்தவில்லை. பிரபா அதைத் தன் பொம்மைக்குப் போட்டிருக்கிறாள். அதற்குப் பெரியதாக இருக்கிறது.

இன்று அக்காவின் வருஷம். அம்மாவும் நானும் பிரபாவும் கண்டோன்மெண்டில் மாரிக்குப்பம் ரயில் ஏறிக் கேஜிஎஃப்பில் அக்கா கல்லறைக்குப் போய்வந்தோம். பிரபாவைக் கூட்டிவரக் கூடாது என்று அம்மா ஒரே பிடிவாதம். கிளம்பும்போது பிரபாவே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அம்மா கதவைப் பூட்டினாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடு நனைந்து கறுப்பாக இருந்தது. அக்காவின் மண் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஓரத்தில் புல் முளைத்திருக்கிறது. நான் பூவை வைத்தேன். பிரபா குனிந்து பெயர்ப்பலகையைத் தொட்டாள்.

"எங்கம்மா இதுக்குள்ளயா இருக்காங்க?"

என்னைக் கேட்கவில்லை. தன் ஆயாவை, என் அம்மாவை, கேட்டாள். அம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். பிரபா திரும்பவும் கேட்டாள்.

"ஆமா கண்ணு" என்றாள் அம்மா. "இங்கதான் இருக்கா. எம்பொண்ணு."

பிறகு அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வருஷமாக அவள் அழுது நான் பார்த்ததில்லை. பிரபா பக்கத்தில் போய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தள்ளி நின்று அழுதேன். எனக்கும் அதுதான் முதல் முறை. அக்கா இல்லை என்பது இன்றுதான் எனக்கும் தெரிந்தது.

வீடு இப்போது பயங்கரமாக இருக்கிறது மாமா. முன்னால் அப்படி இல்லை. எல்லாருக்கும் ஒரு ஆள் குறைகிறது. பிரபா கதவுக்குப் பின்னால் போய்ப் பார்க்கிறாள், கட்டிலுக்கு அடியில் பார்க்கிறாள். அது தேடுவதா விளையாடுவதா என்று தெரியவில்லை. நேற்றிலிருந்து என் கையால் சாப்பிடுகிறாள்.

திரும்பி வரும்போது ரயிலில் என் மடியில் படுத்துக்கொண்டு ஒன்று கேட்டாள். "சித்தி, அம்மா சாவும்போது என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?" ஏதாவது நல்லதாக ஒன்று சொல்லியிருக்கலாம். உன்னை ரொம்பப் பிடிக்கும் என்று சொன்னாள் என்று என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் இருந்தது நீங்கள். நான் அங்கே இல்லை. அக்காவின் இடத்தில் உட்கார்ந்ததே போதும், உங்கள் இடத்திலும் நான் உட்கார மாட்டேன். எனக்குத் தெரியாது, அப்பாவுக்குத்தான் தெரியும் என்றேன்.

"அப்பா எப்ப சொல்வாரு?"

அதற்கும் எனக்குத் தெரியாது என்றேன்.

சங்கமித்ரா